நம் பேரில் யார் பேசலாம்

ஐந்நூற்று ஐம்பது என்று திரும்பி வந்தது.
கப்பலூரிலிருந்து கிளம்பிய விலைப்புள்ளி
ஸ்டுட்கார்ட்டில் கதவைக்கூடத் தொடவில்லை.
"மூணு மாசமா அவன் பேசவே இல்லம்மா,
கோவிச்சுக்கிட்டான்னுல்ல நெனச்சேன்"
ரப்பர் வளையம் ஒன்றை
விரலில் மாட்டிச் சுழற்றியபடி ஒச்சப்பன்.

கோபமில்லை அண்ணே, அத்தாட்சி இல்லை.
டோல்கேட்டில் உள்ளூர் வண்டி என்றால் விட்டானா?
ஆர்.சி. எங்கே என்றானா இல்லையா?
உங்கள் பேரைப் போட்டு யாரும் மெயில் எழுதலாம்.
எந்த எந்திரம் எழுதினால் அது நீங்கள் என்று
டி.என்.எஸ்ஸில், ஊரறிய,
ஒரு வரி இருக்க வேண்டும்.

எழுதினேன்.
ஏற்கெனவே ஒரு வரி இருந்தது.
எனக்கு முன்னால் பார்த்த பையன் எழுதியது,
அவன் இப்போது ஓசூரில்.
கவனிக்காமல் என்னுடையதையும் கீழே சேர்த்துவிட்டேன்.
ஒரு மனைக்கு இரண்டு பட்டா.
வாங்க வந்தவன் இரண்டையும் வைத்துவிட்டுப் போவான்.
மறுபடி ஐந்நூற்று ஐம்பது.
"அந்தப் பக்கம் சர்வர் கொஞ்சம் ஸ்லோ அண்ணே"
என்றேன், கூசாமல்.

இரண்டையும் ஒன்றாக்கினேன்.
அவன் வரியில் எனக்குப் புரியாத ஓர் ஐ.பி. இருந்தது,
பழைய குப்பை என்று எடுத்துப்போட்டேன்.
டிகிம் சாவியை வாட்ஸப்பில் அனுப்பி ஒட்டியதில்
நடுவே ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டது,
அதைக் கண்டுபிடிக்க ஒரு முழு இரவு,
மஹபூப்பாளையம் மாடியில், கொசுக்களோடு.
எண்ணைக் கொடுத்தால் பேரைச் சொல்லும் பதிவு
நம் கையில் இல்லை, இணைப்புக் கம்பெனிக்காரன் கையில்.
மேலமாசி வீதி அலுவலகத்துக்கு நாலு நடை.
"ரிவர்ஸா? அப்படி ஒண்ணு இல்லையே மேடம்."
ஐந்தாம் நடையில் இருந்தது.

ஜெர்மன்காரன் பதில் போட்டான்:
விலை அதிகம்.
ஒச்சப்பன் எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கிக்கொடுத்தார்.

அறிக்கைகள் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.
யார் யார் உங்கள் பேரில் அனுப்பினார்கள் என்று
பெரிய கம்பெனிகள் தினமும் அனுப்பும் கணக்கு.
தினமும் ஒரே ஒரு மெயில், தோல்வி.
நான் தூக்கிப்போட்ட அதே ஐ.பி.

தேடிப் போனால் கேட்டில் இருக்கிறது,
காவலாளி அறைக்குத் தனியாக இழுத்த பிராட்பேண்ட்,
அதில் விரல்ரேகை மிஷின்.
மெனுவைத் திறந்தேன்.
இரவு பத்துப் பத்துக்கு
வந்த நேரம், போன நேரம், ஐம்பத்திரண்டு பேருக்கு.
அனுப்ப வேண்டிய முகவரி ஒன்றுதான்:
மோல்டிங் செக்‌ஷன் அங்காள ஈஸ்வரி.

மேசையில் கைப்பதிவேடு விரிந்து கிடந்தது.
நீல மையில், மேலிருந்து கீழே
எட்டு மணி எட்டு மணி எட்டு மணி.
மிஷின் திரையில் பதினொன்று இருபது.

ஓசூர்ப் பையா,
உன் எண்ணையா குப்பை என்றேன்?

"நம்ம மிஷின் மட்டுந்தான் பேசணும்மா,
மத்ததெல்லாம் அடைச்சு விட்ரு" என்றார் ஒச்சப்பன்.
நல்ல மனுஷன்தான், என் பில்லை
ஒரு நாள் தாமதித்ததில்லை.
சரி அண்ணே.

சொன்னபடியே செய்தேன்.
உங்கள் சர்வர். உங்கள் பில்லிங் கம்ப்யூட்டர்.
உங்கள் காசில் வாங்கி, உங்கள் கேட்டில் மாட்டிய மிஷின்.
கடைசியில் நெளிகோடுகூட இல்லை,
கறாராக ஒரு சிறுகோடு:
வேறு யார் வந்தாலும் திருப்பி அனுப்பு.

பரவ ஒரு மணி நேரம் ஆகும்.
டீ குடிக்கப் போனேன்.
ஷிப்ட் முடிந்து பெண்கள் வரிசையாக
விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து
வைத்துக்கொண்டிருந்தார்கள்.
இதில் அங்காள ஈஸ்வரி யார் என்று
நான் கேட்கவில்லை.

மறுநாள் அறிக்கையில்
தோல்வி: பூஜ்யம்.
"எல்லாம் கரெக்டா இருக்கா?"
எல்லாமே நம்முடையதுதான் அண்ணே.